தேவசிகாமணி அண்ணாச்சி எண்ணாத தலை

வெள்ளைக்குழி கபடிக் குழுவில் பதினோரு வருஷம் நடுவில் நின்று ஆடியவன் நான். என் பெயர் முத்துமாலை. அந்தப் பதினோரு வருஷத்தில் எங்கள் கோச்சு தேவசிகாமணி அண்ணாச்சி ஒரு தடவைகூட என்னை என் பெயரைச் சொல்லிக் களத்துக்கு அழைத்ததில்லை. எனக்கு முன்னால் அந்த இடத்தில் நின்று, குவாரியில் செத்துப்போன கிருபைராஜின் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார். குழுவின் இருபத்தைந்தாம் வருஷ மலருக்கு அண்ணாச்சியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். முதலில் இதைத்தான் எழுதுவேன் என்றேன். சரி என்றார்கள்.

எங்கள் ஊரில் சுண்ணாம்புக்கல்லை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. அண்ணாச்சி குவாரியில் வெடிக்காரர். பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரி கொளுத்துவது அவர் வேலை. தன்னோடு குழியில் இறங்குகிற ஏழு பேரை வைத்து 1973இல் குழுவை ஆரம்பித்தார். வேலை முடிந்ததும் அதே ஏழு பேர், உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு, குழிக்குப் பக்கத்து மைதானத்தில் கை கோத்து நிற்பார்கள். குளித்துவிட்டு வருகிறேன் என்றால் விடமாட்டார்.

"குளிச்சிட்டு வந்து கல்யாணத்துக்கா போற? நில்லுலே."

வெளியே நின்று ஆட்டம் பார்க்கும்போது அவர் கண் இரண்டு மூலைக்காரர்கள் மேல்தான் இருக்கும். மூலை இரண்டும் இடத்தில் இருந்தால் சங்கிலி சரி என்பார். குழியிலிருந்து மேலே ஏறும்போதும் அந்த ஏழு பேருக்கு அதே வரிசைதான். வலது மூலைக்காரன் முன்னால், இடது மூலைக்காரன் கடைசியில். யாரும் சொல்லி வந்ததல்ல, பழகிப்போனது.

1983 ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் கிருபைராஜ் குழியிலேயே செத்துப்போனான். ஏறி வரும் வழியில், சாப்பாட்டுத் தூக்குவாளியை மறந்துவிட்டேன் என்று திரும்பி இறங்கியிருக்கிறான். பின்னால் வந்தவன் பார்த்தான். எப்படியும் மேலே தலை எண்ணாமல் திரி கொளுத்த மாட்டார்கள் என்று அவன் பேசாமல் ஏறிவிட்டான். வெடி வெடித்தது. சொன்ன சொல் கேட்காமல் உள்ளே போனான் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பிள்ளைகளைத் திட்டுவதற்கே அவன் பெயர்தான்.

"கிருபைராஜ் மாதிரி சொல்பேச்சு கேக்காம அலையுதியா?" என்று தெருவில் சத்தம் கேட்கும். அவன் பெண்சாதி சாலோமி அதே தெருவில்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவாள். குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நடப்பாள்.

அந்தக் குழியை அப்படியே விட்டுவிட்டார்கள். தண்ணீர் கட்டியது. மைதானத்தில் ஒருவன் 'கபடி, கபடி' என்று பாடிப் போனால் குழிச்சுவர் அந்தச் சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும். பாடுகிறவன் மூச்சு விட்ட பிறகும் அங்கிருந்து ஒரு 'கபடி' மிச்சம் வரும். பாறையில் பட்டு வருகிற சத்தம்தான், தெரியும். தெரிந்தாலும் அந்தப் பக்கம் திரும்பமாட்டோம். அண்ணாச்சி கையைத் தூக்குவார். அது அடங்குகிறவரை ஆட்டம் நிற்கவேண்டும்.

என்னைக் கிருபைராஜின் இடத்தில் நிறுத்திய பிறகு அவருக்குத் தலை எண்ணுகிற பழக்கம் பிடித்துக்கொண்டது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு ஆடப் போவோம். ஆழ்வார்திருநகரியில் லாரியை நிறுத்தி எண்ணுவார். குரும்பூரில் எண்ணுவார். மூலையிலிருந்து எண்ணமாட்டார். என் தலையில் கை வைத்து, "கிருபை" என்று தொடங்கி இரண்டு பக்கமும் போவார். அவர் கை குளிர்ந்திருக்கும்.

உடன்குடியில் எதிர்க்குழுக்காரன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டான்.

"ஏலே, செத்தவனைக் கூட்டிட்டு வந்திருக்கானுவ. புடிச்சா குளிருமோ?"

"வந்து புடிச்சுப் பாரும் வே," என்றேன்.

பிடித்தான். அன்றைக்கு ஜெயித்தது நாங்கள். கைதட்டின எங்கள் ஊர்க்காரர்களும் கிருபை, கிருபை என்றுதான் கத்தினார்கள். லாரியில் ஏறி ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

1997 ஆவணியில் அண்ணாச்சி படுத்துவிட்டார். முப்பது வருஷக் கல்தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. மலருக்கு விவரம் கேட்கிற சாக்கில் ஒரு பகலில் போனேன். எந்த வருஷம் எங்கே ஜெயித்தோம் என்று நாலைந்து கேள்வி கேட்டேன். அப்புறம் அடக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, எனக்குப் பேரே கிடையாதா? பதினோரு வருஷமா பிணத்துப் பேரைச் சுமக்க வச்சிட்டீங்களே."

அவர் கோபப்படவில்லை. எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. தலையணையைத் தூக்கி வைத்தேன்.

"நான் எண்ணல, முத்துமாலை," என்றார்.

முதன்முதலாக என் பெயர். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

"என்ன எண்ணல?"

"அன்னைக்கி தலை எண்ணல. வலது மூலைக்காரன் ஏறி வந்தான், பாத்தேன். இடது மூலைக்காரன் வந்தான், பாத்தேன். மூலை ரெண்டும் வந்துட்டு, நடுவுல உள்ளவன் எங்க போயிருவான்னு திரியைக் கொளுத்திட்டேன். அவங்கிட்ட நான் ஒரு சொல்லும் சொல்லல. சொல்லாத சொல்லை அவன் எங்க கேக்க?"

"விசாரணையில?"

"எச்சரிக்கை பண்ணினேன், கேக்கலன்னு நாந்தான் சொன்னேன்."

அந்த மனுஷனைத் தூக்கி உலுக்கவேண்டும் போல இருந்தது. தூக்கினால் கையோடு வந்துவிடுகிற உடம்பு.

"பதினாலு வருஷம் சாலோமி தெருவுல தலையைக் குனிஞ்சு நடக்கா. பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன். உன்னை நடுவுல பாக்கையில எல்லாம் அவன் வாளியோட ஏறி வாரான். உன் பேரைச் சொன்னா அவன் போயிருவான். அதான் உன் பேரைச் சொல்லல."

"இப்பவே போய் சாலோமியைக் கூட்டிட்டு வாரேன். உங்க வாயால சொல்லுங்க."

"மூணு தடவை அவ வாசல் வரை போனேன். ஒவ்வொரு தடவையும், வாங்கண்ணே, காப்பி குடிங்கண்ணேன்னா. குடிச்சிட்டு வந்துட்டேன்."

இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். பாதி நெஞ்சில் வழிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆட்டத்தில் பிடிக்கிற பிடி, விட மனசில்லாத பிடி.

"மலர்ல எழுது. நான் ஜெயிச்சதை எல்லாம் விட்டாலும் இதை விடாத. அச்சுக்குக் குடுக்க முன்னால சாலோமி வீட்டுக்குப் போயி, அவ முன்னால உக்காந்து சத்தமா வாசி. போதும்ணேன்னு அழுவா. நிப்பாட்டிராத லே, கடைசி வரி வரைக்கும் வாசி."