மாடி சாரும் கீழ் சாரும் பாலைவனத்துக்குப் போன கதை

கம்பெனியையே பாலைவனத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று மாடி சார் சொன்ன அன்று எனக்கு வந்தது எரிச்சல்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில், தகரம் வெட்டும் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனிக்கும் நடுவில் எங்கள் கட்டடம் இருந்தது. கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து விற்றோம். நான் நிர்வாகம் பார்த்தேன். நிர்வாகம் என்றால் டீத்தூள் தீர்ந்தாலும் நான்தான், ஜெனரேட்டர் நின்றாலும் நான்தான், பிறந்த நாள் கேக்கில் பெயரைத் தப்பாக எழுதிவிட்டாலும் நான்தான். அதோடு பாலைவனமும் என் தலையில் விழுந்தது.

முதலாளிகள் இரண்டு பேர். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்து, ஒரு ஷட்டர் கடையில் ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கியவர்கள். ஒருவர் மதுரைப் பக்கத்துக்காரர், மென்பொருளை எழுதுபவர், மாடியில் உட்காருவார். இன்னொருவர் அம்பத்தூரிலேயே பிறந்தவர், அதை விற்பவர், கீழே உட்காருவார். அதனால் ஆபீஸில் ஒருவர் மாடி சார், மற்றவர் கீழ் சார். ஒரு காலத்தில் வாய்க்கு வாய் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள், ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கிரகப்பிரவேசத்தில் மனைவிமார்களுக்குள் வந்த பேச்சு என்று சிலர் சொன்னார்கள். கார் வாங்கியதில் வந்த வினை என்று வேறு சிலர் சொன்னார்கள். எது உண்மையோ, பேச்செல்லாம் என் கால் வழியாகத்தான் நடந்தது.

"இன்னாமா, புது வெர்ஷன் எப்போ தருவானாம்? கேட்டுகினு வா" என்பார் கீழ் சார். நான் படி ஏறுவேன். மாடி சார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விக்கிறவருக்கு என்ன, வாயால வித்துருவாரு. எழுதுறவனுக்குத்தான் தெரியும்னு சொல்லுங்க" என்பார். நான் இறங்கி வந்து, "மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடறேன்னு சொன்னார் சார்" என்பேன். எனக்கு முட்டி வலி வந்ததற்கு வயது காரணமில்லை, இவர்கள் இரண்டு பேர்தான் காரணம்.

இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை. புனேயில் ஒரு பெரிய கம்பெனி எங்களை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வேண்டியது மென்பொருளும் அதை வைத்திருக்கிற கடைக்காரர்களும். ஆட்கள் அவர்களிடமே நிறைய இருந்தார்கள். விற்றால் நாங்கள் எல்லோரும் தெருவில். எனக்குத் திருமுல்லைவாயிலில் கடன் போட்டு வாங்கிய ஃபிளாட். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்களே, அது மூன்றாவது மாடியில் அசையாமல் நின்று தின்றுகொண்டிருந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டியவளை யார் புதிதாக வேலைக்கு வைப்பார்கள்?

முதல் தடவை புனேக்காரர்கள் கேட்டபோது மாடி சார் கொடுத்துவிடலாம் என்றார். கீழ் சார், "பெத்த புள்ளைய எவனாவது விப்பானா? போய்ச் சொல்லுமா அவன்கிட்ட" என்று சத்தம் போட்டார். ஆறேழு மாதம் கழித்துக் கீழ் சாரே அலுத்துப்போய், "தள்ளி உட்டுடலாம்னு தோணுது, கேட்டுப் பாரு" என்றார். மாடி சார், "அவர் சொல்றாரா? அப்ப நான் மாட்டேன்" என்றார். அந்தப் பதிலோடு படி இறங்கியபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கோபத்தில் என்னென்னவோ பேசுகிறார்கள், இருவரும் சேர்ந்துவிட்டால் விற்கிற பேச்சே எழாது என்று ஆபீஸில் எல்லோரும் நம்பினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினேன்.

பாலைவனத்தை மாடி சார் ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். ராஜஸ்தானில் ஒரு தனியார் முகாம். ஒரு நேரத்தில் ஒரு கம்பெனிக்கு மட்டும்தான் விடுவார்களாம். சுற்றிலும் மணல், நடுவில் கூடாரங்கள். "ஊர் சுத்துற டூர் இல்ல. எல்லாரும் ஒக்காந்து வர்ற வருஷத்துக்குத் திட்டம் போடணும். போனதுக்குப் பிரயோஜனம் இருக்கணும்" என்றார். கீழே போய்ச் சொன்னேன். "மண்ணு பாக்க அவ்ளோ தூரம் போவணுமா? மெரினாவுல இல்லாத மண்ணா?" என்றார் கீழ் சார்.

எனக்கும் அதுதான் தோன்றியது. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் பிடித்தால் தலைவலி இல்லாமல் முடியும். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில், சி.டி.எச். ரோடு சிக்னலில் வண்டியை நிறுத்திக்கொண்டு யோசித்தபோது வேறொன்று பட்டது. மாமல்லபுரம் என்றால் இரண்டு பேரும் தங்கள் தங்கள் காரில் வருவார்கள், சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். பாலைவனத்தில் எங்கே போவார்கள்? செல்போனில் சிக்னல் இல்லை, கார் இல்லை, சாப்பாட்டுக்கு ஒரே கூடாரம். அங்கே என்னை நடுவில் தள்ளி மாடிப்படி ஏற வைக்க முடியாது, மாடியே இல்லையே. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் சிக்னல் பச்சையானதைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழ் சாரிடம், அந்தப் பக்கம் நம் மென்பொருளை விற்க ஆள் கிடைக்கலாம் சார் என்று ஆசை காட்டிச் சம்மதிக்க வைத்தேன். அடுத்தது தேதி. கார்த்திகையில் வைத்தால் கீழ் சார் மாலை போட்டிருப்பார், விற்பனைப் பிரிவில் பாதிப் பேர் அவரோடு மாலை போட்டிருப்பார்கள். மார்கழியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பது மாடி சார் வீட்டு வழக்கம். பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். கடைசியில் பொங்கல் முடிந்து, தையில் ஒரு வாரக் கடைசியைப் பிடித்தேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று கீழ் சாரே சொன்னார்.

முகாம் மேனேஜரோடு பேச எனக்கு இந்தி வராது. பூந்தமல்லியிலிருந்து வருகிற எங்கள் சர்வீஸ்காரத் தம்பிக்கு வீட்டில் உருதும் புழங்கியதால் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். பூந்தமல்லியில் மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டின் தூசியெல்லாம் தலையில் சுமந்துகொண்டு காலையில் வருவான். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அவன் மனைவி அப்போதுதான் உண்டாகியிருந்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம் என்னைவிட அவனுக்கு அதிகம்.

"தண்ணி வசதி எப்படின்னு கேளு" என்றேன்.

கேட்டான். "எப்பவும் வருமாம்க்கா."

"லாரியா, போரான்னு கேளு."

"அக்கா, அந்தாளு சிரிக்கிறாரு. ஏன் தண்ணியையே கேட்டுகினு கீறீங்கன்றாரு."

"சிரிக்கட்டும். மே மாசத்துல எங்க அபார்ட்மென்ட்ல வந்து ஒரு வாரம் குடியிருக்கச் சொல்லு. அப்புறம் சிரிக்கலாம்."

அவன் மேற்கொண்டு பேசிவிட்டு, "ஜனவரில செம குளிரா இருக்குமாம்க்கா. ஸ்வெட்டர், சால்வை எல்லாம் எத்துனு வரச் சொல்றாரு" என்றான்.

"பாலைவனத்துலயா? நம்ம ஊர்லயும்தான் மார்கழி வந்தா மங்கி குல்லா போட்டுக்கிட்டு வாக்கிங் போறாங்க. அந்தக் குளிருதான் இருக்கும். வெயிலுக்கு என்ன ஏற்பாடுன்னு கேளு."

மேனேஜர் மறுபடியும் சிரித்தாராம். பிறகு, வெயில் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னாராம்.

நான் வெயிலுக்குத் தயாரானேன். எல்லோருக்கும் கம்பெனி பெயர் போட்ட வெள்ளைப் பருத்திச் சட்டை, அரைக்கை, காற்றுப் போகிற மெல்லிய துணி. தொப்பி. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். மோர்ப்பொடி. "ஸ்வெட்டர் வேணுமா?" என்று யாரும் கேட்கவில்லை. எதிலும் ஒத்துப்போகாத மாடியும் கீழும் அந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சியாக இருந்தார்கள். பாலைவனம் என்றால் கொதிக்கும், அவ்வளவுதான்.

கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் யார் பேசுவது என்று மேலும் கீழும் ஏறி இறங்கினேன். விமானத்தில் இருவரும் ஆளுக்கொரு கோடியில் இருக்கை கேட்டார்கள், கொடுத்தேன். கூடாரம் ஒதுக்கும்போது மட்டும் என் இஷ்டப்படி இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன். ராத்திரி சாப்பிடும்போதுகூட இதே பேச்சாக இருந்ததால், "நீ என்ன கம்பெனி வேலை பாக்கறியா, கல்யாணத் தரகு பாக்கறியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் நடந்தும் இரண்டு பேரும் உம்மென்று இருந்துவிட்டுத் திரும்பினால் என்ன செய்வது என்று கவலையாக இருந்தது. அடுத்த நாளும் அதே கவலை. பாத்திரம் கழுவும்போதும் வண்டி ஓட்டும்போதும் நானே மாடி சாராகவும் கீழ் சாராகவும் மனசுக்குள் பேசிப் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்த மத்தியானம் வெயில் இதமாக இருந்தது. எல்லோரும் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். என் ஏற்பாட்டை நானே மெச்சிக்கொண்டேன். சூரியன் மணலுக்குப் பின்னால் இறங்கியதும் ஐஸ் பெட்டியைத் திறந்தது போல ஒரு குளிர் வந்தது பாருங்கள், அப்படி ஒன்றை என் ஜென்மத்தில் கண்டதில்லை. சாப்பாட்டுக் கூடாரத்தில் யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. இரண்டு சார்களும் ஆளுக்கொரு மூலையில் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, கூடாரத்தில் போட்டிருந்த ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் ஓடிவிட்டார்கள். ஒரு வார்த்தை கிடையாது. என் திட்டம் மண்ணாய்ப் போனது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

காலையில் முகாம்காரர்கள் வெளியே தீ மூட்டியிருந்தார்கள். கூடாரத்து ரஜாய்களை வெளியே எடுத்து வரக் கூடாது என்று சொல்லி, கைவசம் இருந்த கம்பளிகளைக் கொண்டுவந்தார்கள். ஸ்வெட்டர் ஒன்றுகூட இல்லாத கூட்டம் அவர்களுக்குப் புதுசு போலிருக்கிறது, கம்பளி போதவில்லை. இரண்டு மூன்று பேராக ஒரு கம்பளிக்குள் ஒண்டிக்கொண்டோம். கடைசிக் கம்பளி கீழ் சாருக்குக் கிடைத்தது. அவருக்குப் பிறகு மாடி சார் வந்தார். அரைக்கைச் சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு, தீக்கு இந்தப் பக்கம் நின்றார். அவர் பல் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

கீழ் சார் கொஞ்ச நேரம் தீயைப் பார்த்தார். பிறகு கம்பளியின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். "வாடா மச்சான். செத்துகித்துத் தொலையப் போற. உன் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?" என்றார்.

மாடி சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் உள்ளே நுழைந்துகொண்டார். அவர் அழுகிறாரா, குளிரில் மூக்கு ஒழுகுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். டீ குடித்தார்கள். கீழ் சார் என்னவோ சொல்ல, மாடி சார் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டே எவ்வளவு நாளாகிறது. ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் மணல் மேட்டுப் பக்கம் மெதுவாக நடந்து போனார்கள். பூந்தமல்லித் தம்பி என் பக்கம் சாய்ந்து, "ஜெயிச்சிட்டீங்கக்கா" என்றான். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக என் மனசு ஓரிடத்தில் உட்கார்ந்தது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டக் கூடாரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். கீழ் சாரின் கை மாடி சாரின் தோளில் இருந்தது. அதைப் பார்த்ததும் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள், எல்லோரும் தட்டினோம், விசில்கூட அடித்தார்கள். அவர்கள் உட்காரும் வரை கைத்தட்டல் நிற்கவில்லை.

மாடி சார் பேசினார். "ஒரு வருஷமா நாங்க ரெண்டு பேரும் வீம்புக்கு ஒரு முடிவைத் தள்ளிப்போட்டுட்டே இருந்தோம். அவன் வேணும்ன்னா நான் வேணாம்பேன், நான் வேணும்ன்னா அவன் வேணாம்பான். இன்னைக்குக் காலையிலதான் மனசு விட்டுப் பேசினோம். ரெண்டு பேருக்குமே முடியலை. ரெண்டு பேருமே களைச்சுப்போயிட்டோம். புனேக்காரங்களுக்கே கொடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

கூடாரத்துத் துணி காற்றில் படபடத்தது. கீழ் சார் குனிந்தபடி, "உங்க எல்லாத்துக்கும் ஒரு வழி பண்ணாம உட மாட்டோம்பா" என்றார். என்ன வழி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வருஷமாக எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவர்களுடைய சண்டைதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதை முடித்துவைக்கத்தான் நான் இத்தனை பாடுபட்டிருக்கிறேன்.

மாடி சார் என்னைப் பார்த்தார். அவர் முகம் பல வருஷத்துக்கு முந்தைய முகம் போலத் தெளிவாக இருந்தது. "இங்க வரலேன்னா நாங்க பேசியே இருக்க மாட்டோம். எல்லா ஏற்பாடும் இவங்கதான். இவங்களுக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த தம்பி, சொன்னதும் கையைத் தூக்கி இரண்டு தட்டு தட்டிவிட்டான். பிறகு கையைப் பார்த்தான், மெதுவாகத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நான் எழுந்து நின்று, "நன்றி சார்" என்றேன்.