கசப்புத் தண்ணீர் வாளி

"ஏனம்மிணி, மார்க்கு கேட்டுட்டா கொழுந்து ஒடியுது? உனக்கெதுக்குப் பரிச்சை?" என்று எங்கள் எஸ்டேட் உபதேசியார் ஒரு தபசுகால வெள்ளிக்கிழமை கேட்டார். கேட்டது என்னை. பார்த்தது சுற்றி முழங்காலில் இருந்தவர்களை, சிரிக்கிறார்களா என்று. சிரித்தார்கள்.

அதையெல்லாம் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். சாம்பல் புதன் கழிந்த ஞாயிறு, என் மகள் ஞானோபதேச வகுப்பிலிருந்து ஊதா நிற அட்டை ஒன்றோடு வந்தாள். தினமும் பிடித்த ஒன்றை ஒறுத்தால், அதாவது விட்டுக்கொடுத்தால், ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டுமாம். "பெரிய வெள்ளிக்குப் பாவக்கா ஜூஸ் குடுப்பாங்களாம்மா. மூஞ்சி சுளிச்சா இன்னொரு கப்பு!" ஐந்து வயது அவளுக்கு, ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் துள்ளினாள். குன்னூரில், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற சமையலறையில் நின்றுகொண்டிருந்த எனக்கு வாயெல்லாம் கசந்து எச்சில் ஊறியது. துப்பிவிட்டுத்தான் அடுப்பைப் பார்க்க முடிந்தது.

கூடலூர் பக்கத்து எஸ்டேட்டில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தாள். அப்பா தொழிற்சாலையில் இருந்தார். அங்கே மேஸ்திரியாக இருந்தவர்தான் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார். பங்குச் சாமியார் டவுனிலிருந்து எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் மோட்சத்தின் சாவி உபதேசியாரின் இடுப்பில் தொங்கும்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசுகாலம் வந்தால் அவர் எங்கள் சட்டிகளையும் திறந்து பார்ப்பார். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி கூடாது. எங்கள் ஊட்டில் கறி என்பதே கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வருகிற விருந்தாளி; அதை விலக்கச் சொல்வது வேடிக்கைதான். அம்மா இடிச்சக்கையை, அதாவது பலாப்பிஞ்சை, மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டு வேகவைப்பாள். அந்த வாசத்துக்கு என் தம்பி அடுப்படியை விட்டு நகரமாட்டான். ஒருநாள் உபதேசியார் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். "கறி வாசன வருதே?" மூடியைத் தூக்கி, மூக்குப்பொடி படிந்து கறுத்த விரலைக் குழம்பில் விட்டு நக்கிப் பார்த்தார். "சக்கைதான்" என்று மூடிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் வெறும் சோறு தின்றேன். அம்மா என்னைத் திட்டவில்லை. அவளும் வெறும் சோறுதான் தின்றாள்.

வெள்ளி மாலைகளில் ஒவ்வொரு வீடாகச் சிலுவைப்பாதை ஜெபம் நடக்கும். சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டுப் போட்டுக் குழந்தைகளுக்குத் தோல் உரிந்துவிடும். முடிந்ததும் உபதேசியார் ஒவ்வொரு குழந்தையிடமும் உரக்கக் கேட்பார்: "நீ என்ன ஒறுத்த?" முட்டாய், சீனி, ஊஞ்சல் என்று பதில் வரும். என் தம்பி மட்டும் "வீட்டுப்பாடமுங்க" என்றான். பெரியவர்களில் நிஜமாகப் புகழப்பட்டவர் அப்பா. நாற்பது நாள் சாராயத்தைத் தொடமாட்டார். அந்தத் தியாகத்தின் எரிச்சலையெல்லாம் ஊட்டில் எங்கள் முதுகில் தீர்த்துக்கொள்வார் என்பது ஜெபத்தில் வராது. அம்மா என்ன ஒறுத்தாள் என்று யாரும் கேட்டதில்லை. ஒன்றை விடுவதென்றால் அது முதலில் கையில் இருக்க வேண்டுமே.

அந்த வருடம் எனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. எங்கள் ஊட்டில் பத்தாவது வரைக்கும் போன முதல் ஆள் நான். மேலே படிக்க குன்னூர் கன்னியர் மடத்து விடுதியில் இடம் வேண்டும். அதற்கு உபதேசியார் சாமியாரிடம் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதனால்தான் கொழுந்துப் பேச்சுக்கு எல்லாரும் சிரித்தபோது அம்மா தலையைக் குனிந்தாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. பக்கத்து மலையாளக் குடும்பங்களில் அன்று சிலுவையில் ஆண்டவருக்குக் கொடுத்த புளித்த காடியின் நினைவாகக் கசப்பு நீர் குடிப்பார்கள். பெரியவர்கள் ஆளுக்கு ஒரு கரண்டி, அவ்வளவுதான். உபதேசியார் அதை இரவல் வாங்கி வாளியாக்கிவிட்டார். பாகற்காய், வேப்பிலை, காடி எல்லாம் அரைத்துக் கரைத்து, மேலே பச்சை நுரை மிதக்கும் அலுமினிய வாளி. முதலில் குழந்தைகள். முகம் சுளித்தால் இன்னொரு அகப்பை. அவர் மட்டும் உதட்டை நனைத்து, சிலுவை போட்டு முடித்துக்கொள்வார்.

என் தங்கைக்கு மூன்று வயது. வாயில் ஊற்றியதும் அவருடைய வெள்ளை வேட்டியில் கக்கினாள். பச்சையாக வழிந்தது. அவர் வேட்டியை உதறவில்லை. மறுபடி வாளியில் அகப்பையை விட்டார். "ஆண்டவரு பட்ட பாட்டைத் துப்பிட்டா. வாயத் தொறக்கச் சொல்லு." தங்கை என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்து விக்கினாள். வாந்தியும் காடியும் கலந்த அந்த நெடி இன்றும் என் மூக்கில் இருக்கிறது. கோயில் முழுக்க ஆட்கள். ஒருவரும் அசையவில்லை.

"குடிக்க மாட்டாளுங்க" என்றேன். "ஒருசந்தி நோன்பே பெரியவங்களுக்குத்தான், சின்னப் புள்ளைகளுக்கு இல்லீன்னு புஸ்தகத்துல போட்டிருக்குங்க. இந்த வாளி அதுல எங்கயுமே இல்லீங்க."

"எந்தப் புஸ்தகத்துல?"

"ஞானோபதேசத்துல மொதல் வந்தேன்னு நீங்க பரிசு குடுத்தீங்களே, அதுலதானுங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உபதேசியாரின் முகம் வாளியின் நிறத்துக்கு வந்தது. "இதுக்குத்தான் பொட்டப் புள்ளைய படிக்க வெக்காதீங்கன்னு சொல்றது. குன்னூருக்குப் போறாளாம் குன்னூருக்கு. போவட்டும் பாக்கறேன்." விடுதி அந்த நிமிடமே கைவிட்டுப் போயிற்று என்று எனக்குத் தெரிந்தது.

ஈஸ்டர் மதியம் அப்பாவும் உபதேசியாரும் எங்கள் ஊட்டு முன்னாலேயே ஒரு பாட்டிலை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். நாற்பது நாள் புனிதம் முடிந்துவிட்டதல்லவா. "உம் புள்ளைக்கு வாயி ஜாஸ்தி. அத மறச்சுப் பேசி எடம் வாங்க என்னால ஆவாதப்பா" என்றார் அவர். அப்பா ஊறுகாயை நக்கிக்கொண்டே "கொழுந்துக்கே போவட்டும் உடுங்க" என்று சிரித்தார். அம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் சத்தம் நின்றது.

மறுநாள் காலை அவள் லீவு சொல்லிவிட்டு, கோயில் சேலையைக் கட்டிக்கொண்டு என்னைப் பஸ்ஸில் ஏற்றினாள். குன்னூரில் பெரிய சிஸ்டர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். எனக்கோ பயத்தில் என் பெயரே மறந்துவிட்டது, அத்தனை பேசியவள்! அம்மாதான் பேசினாள். "எம் புள்ள எதுத்துப் பேசுமுங்க. எங்க உபதேசியார் சொல்லுவாரு. அதுக்கு முந்தி நானே சொல்லிடறேன். அந்த வாயோட சேத்துதான் கூட்டியாந்திருக்கறேன்."

சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சாப்ட்டியாம்மா?" அப்புறம்தான் மற்ற கேள்விகள்.

இப்போது நான் இதே ஊரில் ஆசிரியை. அந்த எஸ்டேட்டைப் பூட்டிவிட்டார்கள். லயத்துக் கூரைத் தகரங்களை யார் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் முழங்கால் தேய்ந்த தரையில் உண்ணிச்செடி முளைத்திருக்கிறதாம். உபதேசியார் இல்லை, அப்பாவும் இல்லை. இடிச்சக்கைக் குழம்பின் வாசத்தைத் தவிர அங்கிருந்து எதையும் திரும்பக் கேட்கமாட்டேன். என்னோடு இருக்கும் அம்மா இன்றும் அதை வைக்கிறாள்; கூடலூர்ப் பிஞ்சின் ருசி இல்லை என்று அவளே குறை சொல்கிறாள். எல்லாம் போன பிறகும் அந்த வாளி மட்டும் போகவில்லை. காகிதக் கப்பாகச் சுருங்கி என் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

ஊதா அட்டையை எடுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். "பிள்ளைகளுக்கு ஒரு அனுபவமா இருக்கட்டுமேன்னுதான் டீச்சர்..." என்று இழுத்தார். அந்த அனுபவம் எப்படி நாறும் என்று சொன்னேன். "அது வேண்டாம்னா, வகுப்பை வேற மாதிரி யாரு எடுப்பாங்க?" என்றார்.

போன ஞாயிறு முதல் நான்தான் எடுக்கிறேன். குழந்தைகள் அட்டையைக் கையில் பிடித்தபடி, என்ன ஒறுத்தோம் என்று ஒப்பிக்கத் தயாராக எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு முதல் கேள்வியைக் கேட்டேன்.

"காலைல எல்லாரும் சாப்ட்டீங்களா?"