கைக்குப் பொருந்திய துப்பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சுங்கைப் பட்டாணியில் கொட்டிய மழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் அப்போது என் தம்பி குணாவின் நகைக்கடை வாசலில் நின்றிருந்தேன்.

இரண்டு கடை தள்ளி ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மழைக்கோட்டு போட்ட உருவம் ஒன்று இறங்கி, அந்த மழையிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டது. தலை நனைய நனைய நடந்து வந்து, கடைக்குப் பத்தடி தூரத்திலேயே நின்று உரக்கக் குரல் கொடுத்தது.

“அப்பா, நான்தான்.”

குணாவின் மகள் யாழினி. பிறை நகரில் தொழிற்சாலை வேலை. ஞாயிறு தவறாமல் அப்பா, அம்மாவைப் பார்க்க வருவாள்.

பக்கத்துத் துணிக்கடை அம்மா என் காதோரம் வந்தார். “ஹெல்மெட்ட கையில வச்சிக்கிட்டு நனையுதே இந்தப் புள்ள... ஏன் கா?”

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். குணாவிடமும் யாழினியிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமே. ஒரு தோசைக்கல் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற ஜென்மம் நான். ரைஸ் குக்கர் வாங்குவதற்குக்கூட எனக்குக் கடிதம் எழுதிக் கேட்கிற வாசகர்கள் உண்டு. எங்கள் குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும் என்னை இழுத்துக்கொண்டு போவது வழக்கம். ஆனால், துப்பாக்கி வாங்கவும் ஒருநாள் கூப்பிடுவார்கள் என்று நான் கனவா கண்டேன்?

குணாவின் கடையில் ஒருமுறை கொள்ளை நடந்தது. ஹெல்மெட் போட்ட இரண்டு பேர். ஒருவன் கையில் சுத்தியல், இன்னொருவன் கையில் பாராங் கத்தி. கத்தியின் பின்பக்கத்தால் குணாவின் தோளில் ஓங்கி ஒரு போடு. முகம் தெரியவில்லை, குரல் தெரியவில்லை... ஹெல்மெட் கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்தது என்றான்.

அதன் பிறகு கடைக் கதவில் பெரிய எழுத்தில் நோட்டீஸ் ஒட்டினான் — ‘ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்’. அது போதவில்லை. துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டான். விசாரணை, நேர்காணல், காத்திருப்பு என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓடி, ஒருவழியாகக் கிடைத்தது.

“அண்ணி, நீங்க கூட போங்க. இவரு பாட்டுக்கு பளபளன்னு இருக்கிறத வாங்கிட்டு வந்துருவாரு” என்றாள் அவன் மனைவி சாந்தி. போனேன்.

அலோர் ஸ்டாரில் ஒரு கடை. இரும்புக் கதவைத் தாண்டினால் இன்னொரு இரும்புக் கதவு. உள்ளே பனியன் போட்ட ஒரு சீனப் பெரியவர். லைசென்ஸ் இல்லாத நான் எதையும் தொடக்கூடாது என்று முதலிலேயே நாற்காலியைக் காட்டிவிட்டார். அது நல்லதாகப் போயிற்று, வேடிக்கை பார்க்க எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

கறுப்பு பிஸ்டல் ஒன்றைக் குணா ஆசையாகப் பார்த்தான். பெரியவர் தலையாட்டினார். அழகைப் பார்க்காதே, கையைப் பார் என்று மலாயில் சொன்னார். ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுத்தார். ஒன்று கனம். ஒன்றில் விரல் எட்டவில்லை. ஒன்று பிடித்த இடத்தில் வழுக்கியது. செருப்புக் கடையில் அளவு பார்ப்பது போலத்தான் இருந்தது, சத்தியமாக.

பிறகு குண்டுகள் வைக்கும் உருளை சுழல்கிற ரிவால்வர் ஒன்றை எடுத்தார். சின்னது, மரப்பிடி. பிஸ்டலில் சிக்கிக்கொள்ளும் சாமான்கள் அதிகம், இதில் இல்லை என்றார். வருடக்கணக்கில் டிராயரில் கிடந்தாலும் விசையை இழுத்தால் வெடிக்குமாம். “இனி தக் பெர்னா தீப்பு” — இது ஒருநாளும் ஏமாற்றியதில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

எதிரே அலமாரியின் மேல் ஒரு பழைய ஹெல்மெட்டை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அதை நோக்கிக் கையை நீட்டு, அப்புறம் கண்ணைத் திற என்றார். எந்தத் துப்பாக்கி தானாகக் குறிக்கு நேரே நிற்கிறதோ அதுதான் உன்னுடையது என்றார்.

குணா கண்ணை மூடினான். நீட்டினான். திறந்தான். துப்பாக்கியின் வாய், ஹெல்மெட் கண்ணாடியின் நட்டநடுவில் நின்றது. மறுபடி செய்தான். அதே இடம். மூன்றாவது தடவையும் அதே இடம்.

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஏசிக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். “இதுவே இருக்கட்டும்டா” என்றேன். ஆமாம், தேர்ந்தெடுத்தது நான்தான்.

முதல் வாரம் இடுப்பில் கல்லைக் கட்டியது போல் இருக்கிறது என்றான். மூன்றாம் மாதம், “இருக்கிறதே தெரியல கா” என்றான். எவ்வளவு சௌகரியம் பாருங்கள் என்று நானும் பெருமைப்பட்டேன். மூக்குக் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்கிறானே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

என் வீட்டுச் சாப்பாட்டில் ஒருநாள் எவர்சில்வர் தட்டு ஒன்று கீழே விழுந்தது. எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். நான் குணாவைப் பார்த்தேன். அவன் முகம் சாந்தியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் சட்டைக்குள் போய்விட்டிருந்தது.

“என்னாடா பண்றே?”

அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையோ தன் சட்டைக்குள் இருப்பது போல் பார்த்தான்.

“நான் ஒண்ணும் பண்ணல கா. அதுவா போகுது.”

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பாடு டெலிவரி ஆள் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றால், கை போகும். பாசாரில் காய்கறி வாங்கும்போது பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால், போகும். கோவிலில் கண் மூடிக் கும்பிடும்போது மணி அடித்தது, கூப்பிய கை பிரிந்து போயிற்று. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் வாங்கச் சொன்னவளே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தேன். அந்தப் பாவம் என்னுடையது.

ஆயுத பூஜை வந்தது. நம் வீடுகளில் கத்தரிக்கோல் முதல் வாசலில் நிற்கிற காடி வரை பொட்டு வாங்காத சாமான் உண்டா? கடையில் தராசு, உரைகல், இடுக்கி எல்லாம் தட்டில் ஏறின. துப்பாக்கியையும் வைக்கலாம் என்றாள் சாந்தி. “உன் பேருல லைசென்ஸ் இல்ல, தொடாதே” என்று குணா தானே எடுத்து வைத்தான். அவள் அதன் பெட்டி மூடியில் மட்டும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். நானும் கூடவே நின்றேன். மறுநாள் அது இடுப்புக்குத் திரும்பியது.

அதற்கடுத்த ஞாயிறு. மதியம் மூன்று மணி, இதே போல் மழை. கடை பாதி மூடியிருந்தது. கரண்ட் போய்விட்டது. குணா மட்டும் உள்ளே, மேசைக்குப் பின்னால்.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு ஒரு உருவம் குனிந்து உள்ளே வந்தது. மழைக்கோட்டு. தலையில் ஹெல்மெட். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு, முகம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் யோசிக்கவே இல்ல கா. கை நீண்டுச்சு. நேரா கண்ணாடிக்கு நடுவுல போய் நின்னுச்சு. விரலு இழுத்துருச்சு.”

விசை அசையவில்லை. விரல் இன்னொரு தடவை இழுத்தது. அப்போதும் அசையவில்லை.

“அப்பா... நான்தான்” என்றது ஹெல்மெட்.

அன்று யாழினி போன் பண்ணாமல் வந்திருந்தாள். அப்பாவுக்குப் பிடித்த பிசாங் கோரிங், அந்த வாழைப்பழ பஜ்ஜியை, சூடாக வாங்கி, நனையாமல் மழைக்கோட்டுக்குள் வைத்து எடுத்து வந்திருந்தாள்.

எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. யாழினி அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் ஆகலலா பா, ஒண்ணும் ஆகல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சாந்தி என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலையே அலோர் ஸ்டார் போனோம். பெரியவர் ரிவால்வரைத் திறந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுழலும் உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது.

“அபா நீ? குன்யிட்?” என்ன இது, மஞ்சளா என்று கேட்டார்.

முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

ஒரு துளி சிந்தியதல்ல அது. உருளையின் பின்னால், வெளியே தெரியாத இடத்தில், விரலால் அழுத்தித் தேய்த்து அப்பியது போல் இருந்தது. சாந்தி பெட்டி மூடியைத் தவிர எதையும் தொடவில்லை. நான் பார்த்தேன். துப்பாக்கியைத் தொட்டவன் குணா ஒருவன்தான்.

“நீ வச்சியாடா?”

“சாமி சத்தியமா இல்ல கா.”

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது, நீங்களும் அறிவீர்கள். தட்டில் இருந்த சந்தனக் கிண்ணம் சாய்ந்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அப்பியிருந்ததன் மேல் ஒரு விரல் பதிந்த பள்ளம் இருந்ததே... அதற்கு நான் என்ன சொல்ல?

பெரியவர் பழைய டூத் பிரஷ் எடுத்துத் தேய்த்துச் சுத்தம் செய்தார். உருளையை மூடி, அலமாரி மேலிருந்த ஹெல்மெட்டைக் குறிபார்த்து வெறும் விசையை இழுத்தார். ‘டிக்’ என்றது. சரியாகிவிட்டது, இனி ஏமாற்றாது என்று நீட்டினார்.

குணா இடது கையால் வாங்கினான். அங்கிருந்து நேராகச் சுங்கைப் பட்டாணி போலீஸ் ஸ்டேஷன். லைசென்ஸையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

நம்பகமானது, சௌகரியமானது எது என்று என்னிடம் ஆலோசனை கேட்கிறவர்களே, மிக்ஸி பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். இருப்பதே தெரியாத அளவுக்குப் பழகிவிடுகிற ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் ஒருதரம் நின்று யோசியுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன்.

சரி, போன ஞாயிறுக்கு வருகிறேன். மழையில் நின்று யாழினி குரல் கொடுத்தாள் இல்லையா? நான் கடைக்குள்ளே திரும்பிப் பார்த்தேன். குணா மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கை, ஒன்றுமே இல்லாத இடுப்பில், சட்டைக்குள் இருந்தது.

நான் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான். மகளுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டான்.

“துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு. இந்தக் கைய எங்க கா ஒப்படைக்கிறது?”