மூடினாலும் கேட்கிறது

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் முடித்தவள் நான். ஆரணியில் வீட்டில் இருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு செல்போன் செயலிகள் எழுதுகிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அன்று மதியம் ஒரு செயலியின் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தலைப்பைத் தொட்டால் கீழே விவரம் விரியும். மறுபடி தொட்டால் சுருங்கி மறையும். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் குரலை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு சோதித்தேன். மூடிய பகுதியையும் அந்தக் குரல் விடாமல் வாசித்தது. அதன் உயரத்தைப் பூஜ்யமாக்கியிருந்தேன், அவ்வளவுதான். எழுத்து உள்ளேயே கிடந்தது.

கண் மூடியிருந்ததால் பக்கத்து வீட்டு விசைத்தறியும் காதில் ஏறியது. பட்டு ஓடும் தறிக்கு ஒரு சத்தம், நூலில்லாத வெறுந்தறிக்கு ஒரு சத்தம். நெசவுத் தெருவில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. வெறுந்தறி மொட்டையாக, காலிப் பெட்டியை உதைப்பதுபோல் அடிக்கும். அந்த வீட்டுக்காரர் பெண்டாட்டியை அடிக்கும்போது வெறுந்தறியைத்தான் ஓட்டுவார். தெருவுக்கே தெரியும்.

அன்று அதற்கு நடுவில் மண்டை சுவரில் மோதுவது கேட்டது. மறுபடியும் மோதியது. அந்த அக்கா அலறியது பாதியில் அறுந்தது.

"காதுல ஒயரை மாட்டிகினு வேலையப் பாரு" என்றாள் அம்மா, சோறு போட்டபடி.

"செத்துடுவாங்கம்மா."

நைனா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தோ, இப்ப நின்னுடும். அவங்க வூட்டு பேஜாரு நமக்கு இன்னாத்துக்கு?"

அவர்கள் வீட்டு மெயின் சுவிட்ச் வெளிச்சுவரில் இருந்தது. போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். தறி இரண்டு தட்டுத் தட்டி நின்றது.

"கண்ணுல வேணாம்! கண்ணுல குத்தாதய்யா!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த அத்தை எழுந்து நின்றாள்.

அந்த வீட்டுக்காரர் வெளியே வந்தார். கையில் தறி நாடா, ஊடுநூலைச் சுமந்து ஓடும் கனத்த மரக்கட்டை. அதன் இரும்புக் கூரில் ரத்தம்.

"எவ கரண்ட்ட நிறுத்தினது?"

"நான்தான்."

"நாலு எழுத்து படிச்ச திமிரா? மேல தள்ளுடி!"

"மாட்டேன்."

நாடா என் விரல்மேல் இறங்கியது. எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. கைப்பிடியை விடாமல் தொங்கினேன். கூந்தலைச் சுருட்டிப் பிடித்து என் முகத்தைச் சுவரில் அடித்தார். வாய்க்குள் பல் ஒன்று ஆடியது. துப்பினேன், அவர் சட்டையில் விழுந்தது.

"உடுறா அவள!" அத்தை அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கைய அறுத்து கத்திரிக்காயோட போட்டுடுவேன்!" அவளுக்குப் பின்னால் நைனா, எச்சில் கையோடு. ஓடிவந்த வேகத்தில் அந்த ஆளைக் கீழே தள்ளி, நெஞ்சில் முட்டி போட்டு உட்கார்ந்து குத்தினார். நைனா யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. அன்று நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை.

பெண்கள் உள்ளே போய் அக்காவைத் தூக்கி வந்தார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை புடவை நனைந்திருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் எங்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். விசாரிக்க வந்த பெண் போலீஸிடம் அக்கா, "படியில விழுந்துட்டேன் மேடம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சலித்துப்போய்த் தண்ணீர் குடிக்க நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"தறி ஓடிகினு இருந்துச்சே. உனுக்கு எப்படிம்மா கேட்டுச்சு?"

"எல்லாருக்கும் கேட்டுச்சுக்கா."

"இன்னிக்கா?"

"எப்பவுமே."

திறந்திருந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்தாள். என் உதட்டில் போட்டிருந்த தையலைப் பார்த்தாள்.

பெண் போலீஸ் திரும்பி வந்தார்.

"நான் விழல மேடம்" என்றாள் அக்கா. "எழுதிக்கோங்க."