முதல் சொம்பு காலுக்கு

முதல் சொம்புத் தண்ணீரை மீனம்மா தன் காலில்தான் ஊற்றிக்கொள்வார். சேலையை வழித்துச் செருகி, சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருப்பார். முட்டிக்குச் சற்றுக் கீழே தண்ணீர் விழும். ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். அதன் பிறகுதான் "ம், குடு" என்று குழந்தைக்குக் கை நீட்டுவார். "இந்தச் சூட்ட என் காலு தாங்குனா புள்ள தாங்கும்." கையை அவர் நம்புவதில்லை. "கைக்கு என்னா தெரியும்? அது அடுப்புல வெந்து காச்சுப் போச்சி."

பாச்சாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பிலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அவர்தான் தண்ணீர் ஊற்ற வருபவர். தாய்க்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, வயிற்றுக்குத் துணி கட்டி, குழந்தையைக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிவிட்டு, ஒரு கோப்பி குடித்துக் கிளம்புவார். குள்ளமான உருவம், தெருக்கோடிக்குக் கேட்கும் குரல். வாயின் ஓரத்தில் எப்போதும் உப்பும் புளிப்புமான ஓர் ஆசாம் கொட்டை ஒதுங்கியிருக்கும். குழந்தைகளை அரசுப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களைப் போலத்தான் கூப்பிடுவார்: ஆண் என்றால் டத்தோ, பெண் என்றால் டத்தின். "டத்தோ, கொஞ்சம் தலைய ஆட்டாம இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே மூக்கில் சோப்பு ஏறாமல் முகத்தைக் கழுவிவிடுவார்.

லூபோக் சீனா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். இரண்டு வாளிப் பாலைக் தோளில் வைத்த காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் சுமந்த கால்கள் அவை. கணவர் இறந்தபின் மகள் கோமளாவோடு டவுனுக்கு வந்தபோதே இரண்டு முட்டிகளும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. அவர் நடந்து வந்தால் நடுவில் ஒரு பந்தை உருட்டிவிடலாம். "என் ரெண்டு காலுக்கும் சண்டைலா. ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்காது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எண்ணெய், ஊசி, பச்சிலைக் கட்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. தரையில் உட்காருவதை ஒருமாதிரி சமாளித்துவிடுவார். எழுந்திருக்கத்தான் சுவரைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும்.

மூன்றாம் வீட்டு மலர்விழியின் முதல் குழந்தையைக் குளிப்பாட்டிய ஒரு காலையில் அதுவும் முடியாமல் போனது. குழந்தை கையில் இருக்க, முட்டி பூட்டிக்கொண்டது. மலர்விழியின் தாய் குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகு, இரண்டு பேர் சேர்ந்து மீனம்மாவைத் தூக்கி நிறுத்தினார்கள். அவரைக் கூப்பிட்டால் அவரைத் தூக்கத் தனியாக ஆள் கூப்பிட வேண்டும் என்ற பேச்சு இரண்டே நாளில் தாமானைச் சுற்றி வந்தது. அடுத்த மூன்று பிரசவங்களுக்கு அழைப்பு வரவில்லை. வலிக்கு அசையாதவர் அதற்கு அசைந்தார். முட்டி அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்தார்.

தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி எடுத்து, உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துவார்கள் என்று டாக்டர் படம் காட்டி விளக்கினார். மீனம்மா கேட்டது ஒன்றே ஒன்று: மறுபடி பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டலாமா? காலை நீட்டலாம், தரையில் மட்டும் உட்காரக் கூடாது என்றார் டாக்டர். மோசமாக இருந்த வலது முட்டி முதலில், ஆறு மாதம் கழித்து இடது. தழும்பை ஒட்டிய தோல் மரத்துப் போகலாம், சிலருக்கு அது அப்படியே நின்றுவிடும் என்பதையும் சொன்னார். "மரத்தா மரத்துட்டுப் போவுது. வலிக்காம இருந்தா போதும்லா" என்று மீனம்மா தலையாட்டினார்.

வலது முட்டி அறுவை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கோமளா பாசத்தோடு முட்டிக்கு அடியில் தலையணை வைத்தாள். சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தால் கால் நீளவே இல்லை. காலுக்குப் பயிற்சி கொடுக்கும் மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி அதைக் கண்டுபிடித்து, தலையணை குதிகாலுக்கு அடியில்தான் இருக்க வேண்டும், முட்டி காற்றில் தொங்கித் தானாக நிமிர வேண்டும் என்று கண்டித்தார். வலிக்கும் இடமாகப் பார்த்துக் கை வைக்கிறாள் என்று மீனம்மா அந்த மிஸ்ஸியைத் தமிழில் திட்டித் தீர்த்தார். ஆனால் அன்று சாயங்காலம் தலையணையை அவரே உருவி எறிந்தார். "வளைஞ்ச கால்ல புள்ள உருண்டுரும்டி" என்றார் மகளிடம். அதன் பிறகு அழுதுகொண்டே காலை நீட்டினார். கால் நிமிர்ந்தது.

கிரில் பட்டறை வைத்திருக்கும் வடிவேலு இரும்புக் கால் போட்டு ஒரு நீளப் பெஞ்சு செய்து கொடுத்தார். அதில் காலை நீட்டி உட்கார்ந்தால் தரைக்கு இறங்க வேண்டியதில்லை. "இதுமேல லோரியே நிக்கும், அக்கா" என்றார் அவர். "லோரிக்கு நான் எங்க போவேன்? மொதல்ல ஒரு புள்ளைய நிறுத்து" என்றார் மீனம்மா.

அந்த முதல் அழைப்பு மலர்விழி வீட்டிலிருந்தே வந்தது. இரண்டாவது குழந்தை, பெண். பின்கட்டில் பெஞ்சு போடப்பட்டது. மீனம்மா ஏறி உட்கார்ந்து காலை நீட்டினார். முதல் சொம்பைப் பழக்கப்படி வலது முட்டிக்குக் கீழே ஊற்றி, கண்ணை மூடி, "ம், குடு" என்றார். மலர்விழியின் தாய் குழந்தையோடு குனிந்தார். அதற்குள் கீழே வழிந்த தண்ணீர் கணுக்காலைத் தொட்டுச் சுட்டது. மீனம்மாவின் கண் திறந்தது.

"இரு" என்றார்.

தழும்புக்குப் பக்கத்தில் தோல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. யாருடைய காலையோ தொட்டுப் பார்ப்பதுபோல அதைத் தொட்டுப் பார்த்தார். ஆசாம் கொட்டையைத் துப்பினார். பச்சத்தண்ணி கலக்கச் சொன்னார். பிறகு இடது காலில் ஊற்றிப் பார்த்து, இன்னும் கலக்கச் சொன்னார். குழந்தையைக் குளிப்பாட்டி முடிக்கும்வரை அவர் ஒருமுறைகூட டத்தின் என்று கூப்பிடவில்லை.

இடது முட்டிக்கு டாக்டர் கொடுத்த தேதி வந்து போய்விட்டது. முழங்கையை வைத்துப் பார்க்கலாமே என்கிறாள் கோமளா. தண்ணீரின் சூடு பார்க்கும் கருவி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறாள். அது பிரிக்கப்படாமல் சாமி மாடத்தில் இருக்கிறது. வெயில் தாழ்ந்தால் மீனம்மா இடது முட்டிக்கு எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எங்கள் வாசலிலிருந்தே பார்க்கலாம். அந்த அறுவையை எப்போதுதான் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"வலிக்கட்டும்லா. இதுக்காவது சுடுது."

போன வாரம் மலர்விழி வீட்டுப் பக்கம் போனபோது குளியல் நேரம். மீனம்மா பெஞ்சில் இருந்தார். ஒரு கால் நேராக, ஒரு கால் வளைந்து. முதல் சொம்பு இடது காலில் விழுந்தது. வீங்கிய முட்டிக்குக் கீழே சூடு பட்டுக் கால்விரல்கள் வெடுக்கென்று சுருங்கின. "டத்தின், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி, மலர்விழியின் தாய் தன்னிடம் நீட்டிய குழந்தையை உள்ளங்கையால் தாங்கி, அந்தப் பாட்டியின் மார்புப் பக்கமாக மெல்லத் திருப்பி நகர்த்தினார்.