சேர்த்துப் போட்ட சேலைகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத்துப் பட்டறையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து, அதே தெருவில் சொந்தப் பட்டறை போட்டேன். படித்த இன்ஜினியர்கள் வந்து என்னிடம் யோசனை கேட்டுப் போவார்கள். சுழலுகிற எதுவானாலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைதான்.

ஆனால் மயிலாப்பூர் வீட்டு வாஷிங் மெஷினை மட்டும் என் மனைவி என்னைத் தொட விட்டதில்லை. "ஊரு மிஷினுக்கெல்லாம் நீ டாக்டரு. வூட்டு மிஷினுக்கு நான்தான் ஆயா. அப்பால போய்யா" என்பாள். துவைத்து முடித்ததும் டிரம்முக்குள் இருக்கும் சின்ன வலைப்பையைக் கழற்றி, துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சை வழித்துப் போடுவாள். உள்ளே காயட்டும் என்று மூடியைத் திறந்தே வைப்பாள். போர் தண்ணீரின் உப்பு படியாமலிருக்க, மாதாமாதம் அதற்கான பவுடரைப் போட்டுத் துணியில்லாமல் ஓட விடுவாள்.

போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மெஷின் என் கைக்கு வந்தது. அவள் செய்ததை ஒன்று விடாமல் செய்தேன். இருந்தும் பிழிகிற நேரத்தில் அது தடதடவென்று குதித்துச் சுவரில் இடித்தது. ரசமட்டம் வைத்து நாலு காலையும் சரி செய்தேன். அப்போதும் குதித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மெஷினுக்கு வெளி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

வந்தவன் ஒருமுறை ஓட விட்டுப் பார்த்தான். "மிஷின் சோக்கா கீது நைனா. துணிதான் பத்தல. ஒத்த வேட்டி, ரெண்டு சட்ட. ஒரே பக்கமா ஒதுங்கிக்கினு ஆடுது. வூட்ல இருக்கறவங்க துணியையும் சேத்துப் போடு."

"வூட்ல யாரும் இல்லப்பா."

அவன் டிரம்மையே பார்த்தான். "இன்னாத்தையாவது சேத்துப் போடு நைனா" என்றான்.

பட்டுச் சேலைகளை மகள் எடுத்துப் போயிருந்தாள். அவள் அம்மா தினம் கட்டிய நூல் சேலைகள் பீரோவில் இருந்தன. துவைத்து மடித்தவைதான். வாராவாரம் அவற்றில் இரண்டை என் துணியோடு போட்டேன். மெஷின் ஆடாமல் சுற்றியது. மொட்டை மாடிக் கொடியில் என் வேட்டிக்குப் பக்கத்தில் அவள் சேலை காய்ந்தது. தெருவிலிருந்து பார்த்தால் அந்த வீட்டில் இரண்டு பேர் இருப்பதாகத் தோன்றும். எனக்கே அப்படித் தோன்றியது.

போன வாரம் மாம்பழ மஞ்சள் சேலையை உதறினேன். வெயில் அதற்குள் புகுந்து வந்தது. தோளில் கிடக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தபோது விரல் உள்ளே போய்விட்டது. கீழே வந்து வலைப்பையைத் திறந்தேன். உள்ளே மஞ்சள் பஞ்சு. நான் உடுத்துவதெல்லாம் வெள்ளை. லேத்தில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தேயும் என்று தொடாமலே சொல்கிறவன், வாராவாரம் எதை வழித்துக் குப்பையில் போட்டேன் என்று பார்க்கவில்லை.

சேலைகளை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இன்று காலை என் துணியை மட்டும் போட்டேன். பிழியத் தொடங்கியதும் அது குதித்தது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, மார்பை அதன்மேல் சாய்த்து, நிற்கிற வரைக்கும் அமுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு வலைப்பையைக் கழுவினேன். மூடியைத் திறந்து வைத்தேன்.