கையெழுத்துக்குக் காத்திருந்த பை

மடியில் ஒரு நீல ரெக்சின் பையை வைத்துக்கொண்டு பெங்களூரின் பீன்யாவில் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பதினைந்து வருடத் தூசியும் பாச்சை உருண்டையும் எலிப் புழுக்கையும் சேர்ந்து அடித்த வாடை அது. பையின் கைப்பிடியில் நூலால் கட்டிய அட்டை ஒன்று தொங்கியது. அதில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் பெயர், முத்து முத்தான எழுத்தில். எழுதியவர் எங்கள் தலைமையாசிரியர். அவர் இறந்துவிட்டதாகப் போன வருடம் கேள்விப்பட்டேன். இறந்தவர்களைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். நானும் தேடிப் பார்த்தேன். அவருடைய கையெழுத்து அழகாக இருக்கும்.

அவர் திருடர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் கொடுத்ததில் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனவர் இல்லை. திருடியிருந்தாலாவது அவர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது எழுதிப் பழகியிருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்த உலக உருண்டை கடைசிவரை பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. ஸ்கிப்பிங் கயிறுகளை எண்ணி, நம்பர் போட்டு, பீரோவில் அடுக்கி வைத்திருந்தார். நாங்கள் வாழைநாரில் குதித்தோம். "என் சர்வீஸ்ல ஒரு சாமான் குறைஞ்சதில்ல" என்று பிரேயரில் அடிக்கடி சொல்வார். எப்படிக் குறையும், எதையும் யாரும் தொட்டதில்லையே.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் அவள் அப்பாவுக்கு வேலை போனதும் குடும்பம் பெங்களூருக்கு வந்து எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறியது. வந்த மாதமே அவளை ஒரு சின்ன கார்மென்ட்ஸில் பிசிறு வெட்ட அனுப்பிவிட்டார்கள். தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் நாள் முழுக்கக் கத்தரித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றரை வருடம் அதைச் செய்தாள். அப்போதுதான், இடையில் நின்ற பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கும் திட்டம் ஒன்று வந்தது. டீச்சரம்மா ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். பை, புத்தகம், நோட்டு, யூனிஃபார்ம் துணி, ஷூ எல்லாம் அரசாங்கமே கொடுக்கும் என்றார். அக்காவின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "குடுத்தா படிக்கட்டும். தீபாவளி வரைக்கும் பாக்கறேன். வரலன்னா மறுபடி வேலைக்குத்தான் போகணும்." அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து என் ஏழாம் வகுப்புப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். அடுத்த வாரமே என் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

ஜூன் மாதமே பைகள் வந்து இறங்கிவிட்டன. எல்லோரும் பார்த்தோம், நாங்கள்தானே வண்டியிலிருந்து தூக்கி வைத்தோம். தலைமையாசிரியர் ஒவ்வொரு பையையும் திறந்து சரிபார்த்து, பெயர் எழுதிய அட்டையைக் கட்டி, தம் அறையில் வைத்துப் பூட்டினார். விழா நடத்தி, முக்கிய விருந்தினர் கையால் கொடுக்க வேண்டுமாம். விருந்தினரிடம் தேதி கேட்டிருந்தார்கள். ஜூலையில் கேட்டபோது தேதி கிடைக்கவில்லை. ஆகஸ்டில் கொடுத்த தேதி தள்ளிப்போனது. செப்டம்பரில் மறுபடியும் தேதி கிடைக்கவில்லை. அத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலையிலிருந்து ஓடிவந்து கேட்பார். "தேதி கெடைக்கலம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று தலைமையாசிரியர் இரண்டு கையையும் விரிப்பார். பூட்டிய கதவு அவருக்கு நேர் பின்னால் இருக்கும்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. யூனிஃபார்ம் போடாதவர்களை பிரேயரில் தனி வரிசையில், முன்னால் நிறுத்துவார். அக்கா தன் பழைய பச்சைப் பாவாடையோடு அந்த வரிசையில் நின்றாள், எங்கள் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக. "டிசிப்ளின் துணியிலதான் ஆரம்பிக்குது" என்று அவளைக் காட்டிப் பேசுவார். அவளுக்கான துணியை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு, துணி இல்லை என்று வெளியே அவளை நிறுத்திய மனிதர் அவர்.

புத்தகம் இல்லாததால் அக்கா என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, ஒரு பழைய நோட்டில், படங்கள் உட்பட எல்லாவற்றையும் எழுதினாள். வருடக் கடைசியில் ஏழாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு. அதில் பாஸாகிவிட்டால் ஹைஸ்கூலில் சேர்த்தே ஆகவேண்டும், அப்போது அம்மாவால் ஒன்றும் சொல்ல முடியாது என்று கணக்குப் போட்டிருந்தாள். "உன் புஸ்தகத்துல பாதி தப்பா அடிச்சிருக்காங்கடி" என்று எனக்கே திருத்திக் காட்டுவாள். ஆறு பாடம் முடித்து ஏழாவதில் முக்கோணத்துக்கு வந்திருந்தபோது தீபாவளி வந்தது. அத்தை சொன்ன சொல் மாறவில்லை. பண்டிகை முடிந்த திங்கட்கிழமை அக்கா மறுபடி கத்தரிக்கோலைப் பிடிக்கப் போய்விட்டாள்.

விருந்தினருக்கு ஜனவரியில் தேதி கிடைத்தது.

பந்தல் போட்டார்கள், மைக் கட்டினார்கள். பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் நின்றுவிட்டிருந்தார்கள். பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டதால் அதைத் திருத்த முடியாது என்றார் தலைமையாசிரியர். வகுப்பில் நான் கொஞ்சம் உயரம். "இவ பேரக் கூப்பிட்டா நீ போய் வாங்கிக்க" என்றார். ஒரு நாள்கூட லீவு போடாத நான், பள்ளிக்குத் திரும்பி வந்தவளாக மேடை ஏறினேன். அக்காவின் பெயரை மைக்கில் வாசித்தார்கள். "உள்ளேன் ஐயா" என்றேன். விருந்தினர் என் தலையைத் தடவிக் கன்னடத்தில் ஏதோ வாழ்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புது ரிப்பன் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

மேடைக்குப் பின்னால் வந்ததும் தலைமையாசிரியர் கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். "நானே குடுத்துடறேன் சார், பக்கத்து வீடுதான்" என்றேன். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "உரியவங்க வந்து கையெழுத்துப் போடாம எப்படிக் குடுக்கிறது? என்னைப் பொய்க் கணக்கு எழுதச் சொல்றியா?" என்றார். ஒரு ஊரே பார்க்க என்னை இன்னொருத்தியாக்கி நிறுத்திய வாய்தான் அது. பையை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். பள்ளி நேரத்தில் வந்தால்தான் கையெழுத்து, அந்த நேரம் அக்காவுக்கு வேலை நேரம். சாயங்காலம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "கைதட்டுனாங்களா?"

போன வாரம் பாஸ்போர்ட்டுக்காகப் படிப்புச் சான்றிதழ் கேட்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். தமிழ் வகுப்புகளில் இப்போது பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். தலைமையாசிரியரின் பழைய அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பீரோ மேல் மூன்று பைகள். அதில் ஒன்றில் அந்த அட்டை.

"இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று அட்டெண்டரிடம் கேட்டேன்.

"சொல்ப இருங்க மேடம், ரிஜிஸ்டர் இருக்கு" என்று, கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, தேடி எடுத்துவந்தார். அக்காவின் பெயருக்கு எதிரே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அதற்கு மேல் காலியிடம். "இது நீங்கதானா மேடம்?" என்றார்.

"உள்ளேன் ஐயா" என்று மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. பேனாவை வாங்கி அக்காவின் பெயரைக் கோணல்மாணலாக எழுதினேன். தலைமையாசிரியரின் அப்பழுக்கற்ற பதிவேட்டில் ஒரு பொய்க் கையெழுத்து விழுந்தது. வாழ்க்கையில் நான் போட்ட கையெழுத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அக்கா இப்போது ஒரு பெரிய கார்மென்ட்ஸில் செக்கிங் வேலையில் இருக்கிறாள். பிசிறு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நான் போனபோது அவள் மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பையை அக்கா முன்னால் வைத்தேன். அட்டையைப் படித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜிப் திறக்க வரவில்லை, கத்தரிக்கோலால் கிழித்தாள். யூனிஃபார்ம் துணி மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போயிருந்தது. ஷூவில் காலை நுழைத்துப் பார்த்தாள், பாதிப் பாதத்துக்குமேல் போகவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு பக்கங்களைத் தள்ளி ஏழாம் பாடத்துக்கு வந்தாள். அந்த முக்கோணத்தின் மூன்று பக்கத்திலும் விரலை ஓட்டினாள்.

"ஏன்டி," என்றாள் நிமிராமலே, "இப்பத்தான் தேதி கெடச்சுதா அவங்களுக்கு?"